லாரியில் அனுப்ப முடியாத பல்

மகனே, இந்தக் கவரை நான் வேண்டுமென்றேதான் ஒட்டாமல் கொடுத்து அனுப்புகிறேன். கொண்டுவருகிற டிரைவர் ராசு வழியில் டீக்கடையில் நிறுத்திப் படித்தாலும் படிக்கட்டும். உன்னோடு ரிக் வண்டியில் இருக்கிற பிள்ளைகளும் படிக்கட்டும். தண்ணீருக்குப் பூமியைத் துளைத்துப் போர் போடுகிற தொழிலில் பல் போனவன் நீ ஒருத்தன்தானா? திருச்செங்கோட்டை விட்டுக் கிளம்பிய வண்டி ஒவ்வொன்றிலும் விரலோ பல்லோ இல்லாதவன் ஒருத்தனாவது இருக்கிறான். அவனுக்கும் இது உதவட்டும். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன், அந்த எட்டாவதிலும் பாதிதான். ஆனால் இந்த மாசி மாதத்தில் பல்லைப் பற்றி நான் தெரிந்துகொண்டதை எழுதினால் ஒரு பல் டாக்டர் உட்கார்ந்து கேட்பார். யாரிடம் தெரிந்துகொண்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நடந்ததை நீ எனக்கு எழுதவில்லை. ராசு வந்து நம் கம்பெனி ஷெட்டில் நின்றுகொண்டு சொல்லித்தான் தெரியும். பூமிக்குள் இறக்கின ராடைக் கழற்றும்போது ஸ்பேனர் வழுக்கித் திரும்பி உன் வாயில் அடித்தது என்றும், மேல் வரிசையில் முன்பல் மூன்று போய்விட்டது என்றும், அதற்கப்புறம் நீ யாரோடும் பேசுவதில்லை என்றும் சொன்னான். கடைசியாகத்தான் அதையும் சொன்னான். "பொண்ணூட்டுல வேற எடம் பாத்துக்கச் சொல்லிருங்கன்னு தம்பி சொல்லுச்சுங்க. தம்பி இனி ஊருக்கு வராதாமுங்க." ஆவணியில் உப்பும் சக்கரையும் மாற்றி உறுதி செய்துவிட்ட கல்யாணம். வைகாசியில் முகூர்த்தம். அந்தப் பெண் உன் பெயரைச் சொல்லி ஒரு சேலை எடுத்து, அதற்கு ரவிக்கை தைக்கவும் கொடுத்துவிட்டது. இதையெல்லாம் ஒரு டிரைவர் வாயில் சொல்லி அனுப்பி முடித்துவிடுகிற காரியமா, சாமி?

உன்னைப் பெற்றவன் என் அண்ணன். நீ நடை பழகுவதற்கு முன்பே அவனும், அவனுக்குப் பின்னாலேயே உன் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். நான் சித்தப்பன்தான். ஆனால் அப்பா என்று நீ கூப்பிட்டதெல்லாம் என்னைத்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வண்டி எந்தச் சீமையில் நின்றாலும் சரி, எது உடைந்தாலும் சரி, அளவைத் தந்தியடித்தால் போதும். ஷெட்டிலிருந்து அடுத்த லாரியில் சாமான் கிளம்பிவிடும். ஷெட்டுக்கு எல்லாமே நான்தான் என்று ஓனரே சொல்வார். அவர் சொல்லாத நாளில் நானே சொல்லிக்கொள்வேன். ராஜஸ்தான் மணலில் கம்ப்ரசர் பெல்ட் அறுந்து வண்டி நின்றபோது, அந்த ஊர் கலெக்டரே 'இனி ஒரு மாதம் ஆகும்' என்று போய்விட்டார். நான் அனுப்பிய பெல்ட் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வந்துவிட்டது. இப்படி வாழ்ந்தவனுக்கு, மூன்று பல் உடைந்தது என்று கேட்டதும் என்ன தோன்றும்? சாமான் அனுப்ப வேண்டும் என்றுதான் தோன்றியது. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பல் டாக்டரிடம் போய் நின்றேன்.

"மேல் வரிசைங்க. முன்னால மூணு. நெறம் கொஞ்சம் மஞ்சளாவே போடுங்க, வெள்ளையா இருந்தா சந்தேகம் வரும். காத்தால லாரி கெளம்புது" என்றேன்.

"ஆள் எங்கீங்க?" என்றார்.

"ஆளு நாக்பூரத் தாண்டி அக்கட்டால இருக்கறானுங்க."

"வாய் இல்லாம அளவு எப்படிங்க எடுக்கறது?"

"என்ற வாயில எடுத்துக்கோங்க. என்ற அண்ணன் பையன். சிரிச்சா என்னைய உரிச்சு வச்சாப்புலன்னு ஊரே சொல்லுமுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க செருப்பு அவருக்குச் சேருமா?"

"சேராதுங்க. அவனுக்குப் பெரிய காலு."

"செருப்பே சேரலயாமா, பல்லு கேக்கறீங்க."

பக்கத்தில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை சிரித்துவிட்டு, வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டது. நான் விடவில்லை. நாற்காலியில் படுத்து வாயைத் திறந்தேன். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு முப்பத்திரண்டும் அப்படியே இருக்குதுங்களே. எந்த ஓட்டைக்கு அளவெடுக்க?" என்றார். இந்த வயதிலும் கரும்பை உரித்துத் தின்கிற பல் என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட பல் அன்றைக்கு எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. ஒரு ஓட்டை இருந்திருந்தால் அதையாவது காட்டியிருப்பேன்.

ஆனால் மனிதர் நல்லவர். என்னை உட்காரவைத்து, போன பல்லுக்கு என்னென்ன வழி என்று விளக்கினார். கவனமாகப் படி, மற்றவர்களும் படியுங்கள்.

முதல் வழி, கழற்றி மாட்டுகிற செட்டு. வாயில் மாவு மாதிரி ஒன்றை வைத்து அச்செடுத்து, ஈறு நிறத்தில் தகடு செய்து, அதில் பல்லைப் பதித்துக் கொடுப்பார்கள். சீக்கிரம் முடியும், வெட்டு குத்து இல்லை. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். உன் பெரியத்தை வீட்டு மாமாவை நினைவிருக்கிறதா? ராசிபுரத்துக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து ஒரு தும்மல் போட்டார், செட்டு பறந்து எதிர்வரிசை ஆள் இலையில் பாயசத்துக்குள் விழுந்தது. நான் சொல்லும்போது மூன்றாவது வரிசை என்று சொல்வேன், எதிர்வரிசைதான் உண்மை. நல்ல அளவாகச் செய்தால் அப்படி விழாது என்று டாக்டர் சொல்கிறார். மாமா தன் செட்டைச் சந்தையில் கூடையில் வைத்து விற்றவனிடம் வாங்கினாராம். பொறுக்கி எடுத்தாராம், மாங்காய் பொறுக்குகிற மாதிரி. ஆகவே அதை வைத்து நீ பயப்பட வேண்டாம்.

இரண்டாவது வழி, பாலம். போன பல்லுக்கு இரண்டு பக்கமும் நிற்கிற நல்ல பல்லை அராவிச் சிறிதாக்கி, அதன் மேல் உறை மாட்டி, நடுவில் புதுப்பல்லைத் தொங்கவிட்டு ஒட்டிவிடுவார்கள். கழற்ற வேண்டியதில்லை. பார்த்தால் தெரியாது. ஆனால் குற்றம் செய்யாத பல் இரண்டும் அரம் தின்ன வேண்டும். அராவினால் அராவினதுதான், பிறகு வளராது. இதைக் கேட்டபோது எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. உன் அப்பன் விழுந்த இடத்தில் ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் உன் சின்னம்மாவும் நின்று தாங்கினோமே, ஊரார் எங்களை அராவாமலா விட்டார்கள்? கூசத்தான் செய்தது. நிற்கத்தான் செய்தோம். ஆனால் டாக்டர் சொன்னார், மூன்று பல் பாரத்தை இரண்டு பல் எத்தனை வருடம் சுமக்கும் என்பது அந்த இரண்டும் எவ்வளவு உறுதி என்பதைப் பொறுத்ததாம். அதைப் பார்க்கவும் உன் வாய்தான் வேண்டுமாம்.

அதோடு இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பல் போன இடத்தில் எலும்புக்கு வேலை இல்லையாம். வேலை இல்லாத எலும்பு கரைந்து தேய்ந்துகொண்டே போகுமாம். நீ அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு மாதமும் உள்ளே அது போய்க்கொண்டிருக்கிறது. ஷெட்டில் உட்கார்ந்து நான் அதை எப்படி நிறுத்துவேன்?

மூன்றாவது ஒரு வழி இருக்கிறது, அது இங்கே யாரும் செய்வதில்லை, மெட்ராஸில் ஒருவர் வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்து செய்கிறார் என்று சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே ரயில் ஏறினேன். அந்த மெட்ராஸ் டாக்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார் என்று உன் சின்னம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். எழுந்தது ஜன்னலைச் சாத்துவதற்கு. ஆனாலும் எழுந்தார்.

அவர் செய்வது என்ன தெரியுமா? நம் வேலைதான். தாடை எலும்பில் துளை போட்டு, டைட்டானியம் என்று ஒரு உலோகத்தில் செய்த திருகாணியை இறக்குகிறார். அதுதான் வேர். அதன் மேல் பல்லை நிறுத்துவது. முன்பெல்லாம் தகடு மாதிரி ஒன்றை எலும்பில் அடித்துப் பார்த்தார்களாம், பலபேருக்கு அது ஆடிப்போனதாம். இப்போது இந்தத் திருகாணி வந்திருக்கிறது. கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்த உலகத்தில் துளை போடுவதைப் பற்றி என்னிடம் ஒருத்தர் பேசுகிறார்.

"எத்தன அடி போகணுமுங்க?" என்றேன்.

"அடி இல்லை பெரியவரே. ஒரு மணி நேரம் போட்டாலும் உங்க சுண்டுவிரல் நகம் நீளம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானுங்களா? எங்க வண்டி கருங்கல்லுல கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள ஓட்டிப்போடுமுங்க. நீங்க எதுக்குங்க அத்தன நேரம்?"

"நீங்க போடறது கல்லு. செத்தது. இது உயிரோட இருக்கறது. வேகமாப் போட்டா சூடேறும், சூடேறினா எலும்பு செத்துப்போகும். செத்த எலும்பு எதையும் பிடிச்சுக்காது. அதனால மெதுவா, தண்ணி விட்டுக்கிட்டேதான் போடணும்."

மகனே, இத்தனை வருடத்தில் எத்தனை துளை பார்த்திருப்பேன். உள்ளே இருப்பதைப் பொடியாக்கி மேலே ஊதித் தள்ளுவதுதான் நமக்குத் தெரியும். துளைக்கு வலிக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

திருகாணியை இறக்கி, மேலே ஈறை மூடித் தைத்துவிடுவார்களாம். மேல் தாடை என்றால் ஆறு மாதம் அப்படியே விட வேண்டுமாம். "ஆறு மாசம் உள்ள அது என்னங்க பண்ணும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ணாது. சும்மா இருக்கும். எலும்புதான் மெல்ல வந்து அதைப் பிடிச்சுக்கும்" என்றார். பிறகு ஈறைத் திறந்து, திருகாணி மேல் பல்லைத் தாங்குகிற கட்டையை மாட்டி, பல்லைப் பொருத்துவார்கள். பக்கத்துப் பல்லைத் தொட வேண்டியதில்லை. பிடித்துக்கொண்டால் எலும்பும் கரையாது. பீடி குடிக்கக்கூடாது, அது புண்ணை ஆறவிடாது. நீ குடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், நான் தெரியாத மாதிரி இருந்தேன், இனி இருக்கமாட்டேன்.

நூற்றுக்கு நூறு பிடித்துக்கொள்ளும் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். சொல்லவில்லை. "எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பாத்தாத்தான் போட முடியுமான்னே சொல்லுவேன். போட்டாலும் சிலருக்குப் பிடிக்காமப் போகும்" என்றார். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். தண்ணீர் வருமா என்று கேட்டு வந்த எத்தனை பேருக்கு, வரும் என்று கல்லில் எழுதின மாதிரி சொல்லியிருக்கிறேன்.

விழுந்த பல் எங்கே என்று கேட்டார். ராசு சொன்னதைச் சொன்னேன். கூட இருந்த பையன் ஒருத்தன் மூன்றையும் பொறுக்கி, சாணியில் உருட்டி, நம் ஊரில் குழந்தைக்குச் செய்கிற மாதிரி, தங்கியிருக்கிற கொட்டகைக் கூரை மேல் எறிந்துவிட்டான், திரும்ப முளைக்கட்டும் என்று. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, முழுசாக விழுந்த பல்லை வேர்ப்பக்கம் தொடாமல் எடுத்து, உடனே பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோயிருந்தால் அதையே திரும்ப நட்டுப் பார்த்திருக்கலாம் என்றார். சில சமயம் பிடித்துக்கொள்ளுமாம். அந்தப் பையனை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. அவன் பிரியத்தில் செய்தான். ஆனால் படிக்கிறவர்கள் எல்லோரும் இதை மட்டும் மறக்காதீர்கள். சாணி இல்லை, பால்.

கிளம்பும்போது எனக்கு ஒன்று தோன்றியது, கேட்டுவிட்டேன். "ஏனுங்க, என்ற பல்லுல மூணப் புடுங்கி அவனுக்கு வச்சர முடியாதுங்களா? நல்ல பல்லுங்க. வேரு கெட்டி." அவர் சிரிக்கவில்லை. "உங்க பல்லை அவர் உடம்பு ஏத்துக்காதுங்க" என்று மெதுவாகச் சொன்னார். அவ்வளவுதான். அதற்கு மேல் கொடுப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

ஒரு கணக்கு மட்டும் போட்டுக் கொடுத்தார். நீ பங்குனி பிறப்பதற்குள் வந்தால், எலும்பு இடம் கொடுத்தால், மூன்று பல்லுக்கு இரண்டு திருகாணி போட்டு மூடிவிடலாம். தையல் ஆறினபின் மேலே உறுத்தாத மாதிரி ஒரு செட்டு மாட்டிக்கொண்டு வைகாசியில் மணவறையில் உட்காரலாம். ஆவணி புரட்டாசியில் நிலைப்பல். எலும்பு இடம் கொடுக்கவில்லை என்றால் பாலம், அதுவும் ஆகாது என்றால் செட்டு. காசு பற்றி நீ கேட்காதே, அது என் பாடு. எந்த வழியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான், அது நீ வந்து வாயைத் திறப்பது. அதை நான் எந்த லாரியில் ஏற்றுவேன்?

போன வாரம் வாழப்பாடிக்குப் போனேன், பெண் வீட்டுக்கு. நீ சொல்லியனுப்பியதைச் சொல்லவில்லை. உன் வண்டி போட்ட போரில் தண்ணீர் பனைமர உயரம் பீறிட்டது, அந்த ஊர்க்காரர்கள் உன்னை விடமாட்டேன் என்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். மல்லிகாவின் அப்பா குச்சிக்கிழங்குக் காட்டில் களையெடுத்துவிட்டு வந்து கால்கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துவிட்டு, "அயோத்தியாப்பட்டணத்துல லாரிக்காரங்க பேசிக்கிட்டாங்க. ஸ்பேனர் அடிச்சு மாப்பிள்ளைக்குப் பல்லு போயிருச்சாமே" என்றார். நான் உடனே ஒரு சிறுத்தைக் கதைக்குப் போய்விட்டேன். காட்டுக்குள் கேம்ப், ராத்திரி சிறுத்தை வந்தது, கூட்டாளியைக் காப்பாற்றப் போனதில் பல் போயிற்று என்று. என் வாய் அப்படி, உனக்குத் தெரியும்.

"பல்லு போனா போகட்டுங்க, சம்பந்தி. ஆளு ஒரு கடுதாசிகூடப் போடலியே. பங்குனி பொறந்துட்டா நாங்களும் வேற யோசிக்கணும். பொண்ண வேற எடத்துலயும் கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்றார்.

அப்போது அந்தப் பெண் காப்பி கொண்டுவந்து வைத்தது. வைத்துவிட்டு உள்ளே போகவில்லை.

"எங்கப்பாவுக்குக் கடவாயில ஒண்ணுமே இல்ல, மாமா. எங்கம்மா ஓடியா போயிருச்சு?" என்றது.

"ஏ புள்ள, சும்மா இரு" என்றார் அவர், கையை வாயில் வைத்துக்கொண்டு.

"சிறுத்தையோ ஸ்பேனரோ, அது இருக்கட்டும் மாமா. அவரு வருவாரா மாட்டாரா?"

"வருவான், சாமி. பங்குனிக்குள்ள வந்துருவான்" என்றேன்.

"அவரு சொன்னாரா, நீங்க சொல்றீங்களா?"

காப்பி டம்ளரை எடுத்துத் திரும்பக் கீழே வைத்தேன். "நான் சொல்றேன்" என்றேன். அது தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டது. நம்பி ஆட்டியதா, புரிந்துகொண்டு ஆட்டியதா என்று பஸ் ஏறும்வரை யோசித்தேன், தெரியவில்லை.

மகனே, நான் வாய்க்கு வந்ததைச் சொல்லியே வாழ்ந்தவன். சொன்னதில் பாதியை ஓடியாடி எப்படியாவது நடத்தியும் காட்டியிருக்கிறேன், அதனால்தான் இன்னமும் என் பேச்சை நாலு பேர் நின்று கேட்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உன் சின்னம்மா, "பீத்துனது போதும், வரச் சொல்லி எழுதுங்க. அதுக்குத்தானே காயிதம் எடுத்தீங்க" என்கிறாள். எழுதுகிறேன். வா.

துண்டை வாயோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு வா, பல்வலிக்காரன் என்று நினைத்துக்கொள்வார்கள். திருச்செங்கோட்டுக்கு வர வேண்டாம், நேரே சேலம் ஜங்ஷனில் இறங்கு, தெரிந்தவன் யாரும் இருக்கமாட்டான். நான் அங்கேயே நிற்கிறேன், அங்கிருந்தே மெட்ராஸ் ரயிலில் ஏறிவிடுவோம். வழியில் நீ ஒரு வார்த்தை பேச வேண்டாம். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசிக்கொள்கிறேன். டாக்டரிடம் நான் சொல்கிறேன், வாழப்பாடியில் நான் சொல்கிறேன், கேட்கிறவனுக்கெல்லாம் நான் சொல்கிறேன். நீ ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அதற்காவது நீ வரவேண்டும், சாமி.